தூங்க வரும் பறவைகள்: சாந்த்ராகாச்சி ஏரியின் குளிர்காலம்

சென்னையிலிருந்து வங்காளம் செல்லும் ரயிலின் பெயர்ப்பலகையில் தமிழர் பலரும் கண்டு பழகிய சாந்த்ராகாச்சி, கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹூக்ளி ஆற்றுக்கு மேற்கேயுள்ள ஹௌரா நகரின் ஒரு பகுதியாகும். அங்குள்ள ரயில் நிலையத்தை ஒட்டி, வீடுகளும் தண்டவாளங்களும் நெருக்கிச் சூழ்ந்த ஏரி ஒன்று உண்டு. வங்காளியர் ‘ஜீல்’ என்று சொல்லும் இந்த நீர்நிலையில் நவம்பர் வாக்கில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் வந்திறங்கிப் பிப்ரவரி வரை தங்குவதால், காட்டுயிரைக் காண்பதற்குக் காட்டுக்கே போக வேண்டிய தேவை இந்நகரத்தாருக்கு இல்லை.

இப்பறவைகள் அனைத்தும் சைபீரியாவிலிருந்து வருபவை என்று பரவலாக நம்பப்படுவது பிழை. வட ஆசியாவின் உறைபனிக்குத் தப்பி, மத்திய ஆசிய வழித்தடம் எனப்படும் வான்பாதையில் தெற்கே வரும் ஊசிவால் வாத்தும் கருவால் வாத்தும் இங்கு உண்டு என்றாலும், கூட்டத்தின் பெரும்பகுதி சீழ்க்கைச் சிறகியே ஆகும். தமிழகக் கண்மாய்களிலும் காணக்கூடிய, பறக்கும்போது சீழ்க்கையொலி எழுப்பும் இச்செம்பழுப்பு வாத்து, இமயத்தைத் தாண்டாமல், நீர் இருக்கும் இடம் நோக்கி நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்வது. வங்காளத்தில் இதற்குச் ‘சரால்’ என்று பெயர்.

பகலில் கரையோரம் நின்று பார்ப்பவருக்கு, மிதக்கும் பச்சைத் திட்டுகளின் மேல் நூற்றுக்கணக்கான சரால்கள் அலகை முதுகிறகுக்குள் செருகி அசையாமல் அமர்ந்திருப்பதும், அவற்றினிடையே ஓரிரண்டு மட்டும் கழுத்தை நிமிர்த்தி விழித்திருப்பதும் தெரியும். இவை பெரும்பாலும் இரவில் இரை தேடுபவை என்பதால், பொழுது சாய்ந்ததும் கூட்டங்கூட்டமாக எழுந்து வயல்களுக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்புகளுக்கும் சென்றுவிடுகின்றன. ஆகவே சாந்த்ராகாச்சி இவற்றுக்கு முதன்மையாக ஒரு படுக்கையறை. பட்டாசு வெடித்தோ கல்லெறிந்தோ பறவைகளை எழுப்பிப் படம் எடுப்பவர், அவற்றின் உறக்கத்தையே கெடுக்கிறார்.

அந்தப் பச்சைத் திட்டுகள் ஆகாயத்தாமரையால் ஆனவை. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, வங்காளத்தின் ஆறுகளையும் வயல்களையும் அடைத்ததால், அதை ஒழிப்பதற்கென்றே 1936-இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஏரி முழுவதையும் அது மூடிவிட்டால், வாத்துகள் இறங்கவும் நீந்தவும் இடமிராது. ஒளி புகாமல் நீரடித் தாவரங்களும் நலியும். அதற்காக முற்றிலும் அகற்றிவிட்டாலோ, உறங்குவதற்குக் கரையிலிருந்து விலகிய பாதுகாப்பான இடம் எதுவும் மிஞ்சாது. எனவே, குளிர்காலம் தொடங்குமுன் ஆட்களை இறக்கிப் பெரும்பகுதியை வாரியெடுத்துவிட்டு, எஞ்சியதைச் சிறு சிறு தீவுகளாக விட்டுவைக்கும் வழக்கம் ஏற்பட்டது. நூறாண்டுக் காலம் பகையாகக் கருதப்பட்ட ஒரு களையை அளவறிந்து மிச்சம் வைக்கும் இந்த வேலை, பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றினும், பறவைகளின் நலம் அறிந்தவர் செய்ய வேண்டிய நுட்பமான பணியாகும். அதைத் தாமதித்துச் செய்தால், முதலில் வந்திறங்கும் கூட்டங்கள் ஆள் நடமாட்டத்தால் கலைந்துபோகும்.

இத்தகைய கூட்டங்கள் கலைந்து செல்லக்கூடியவை என்பதற்குக் கொல்கத்தாவிலேயே சான்று உண்டு. 1876-இல் திறக்கப்பட்ட அலிப்பூர் விலங்குக் காட்சிசாலையின் ஏரி, ஒரு காலத்தில் குளிர்தோறும் இதே பறவைகளால் நிறைந்திருந்தது. பின்னர் அங்கு வரத்துப் படிப்படியாகக் குறைந்தது.

சாந்த்ராகாச்சியில் இன்று கவலைக்குரியது நீரின் நிலையே. சுற்றுப்புறக் கழிவுநீர் ஏரிக்குள் விழுவது குறித்த வழக்கைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்து, கரையைச் சுற்றி மாலை போல வடிகால் அமைத்துச் சாக்கடையைத் திருப்பிவிடும் திட்டத்தை வலியுறுத்தியது. கழிவுநீரில் உள்ள சத்துகளை உண்டு ஆகாயத்தாமரை மேலும் விரைந்து பெருகுவதால், ஓராண்டு வாரியெடுத்த பரப்பை அடுத்த குளிருக்குள் செடி மீண்டும் மூடிவிடுகிறது. தீவு அமைப்போரின் வேலையும் முதலிலிருந்து தொடங்குகிறது.