வானம் தெரிந்தால்தான் வானொலி: காரில் செயற்கைக்கோள் ஆண்டெனா பொருத்தும் முறை

சில வாரங்களுக்கு முன் நம் சங்க உறுப்பினர் ஒருவர், மளிகை மொத்த வியாபாரம் செய்பவர், ஓர் அட்டைப் பெட்டியுடன் அலுவலகத்துக்கு வந்தார். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்த கார் வானொலிப் பெட்டி அது. கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு ஆண்டெனாவும் நீளமான ஒயரும் இருந்தன. “கொள்முதலுக்குப் போகும்போது வழியெல்லாம் பாட்டுக் கேட்கலாமே. இதைப் பொருத்தத் தெரிந்த மெக்கானிக் யாராவது உண்டா?” என்று கேட்டார்.

பெட்டியைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இது நம் ஊரில் பாடாது” என்றோம்.

“பழுதா?”

“பழுதில்லை. புத்தம் புதுசு. ஆனாலும் பாடாது.”

அவர் முகம் வாடிப்போனது. மகன் திரும்பிப் போகும்போது எடுத்துச் சென்று அங்கே தன் காரிலேயே பொருத்திக் கொள்ளட்டும், முறையை நாங்கள் எழுதித் தருகிறோம் என்று ஆறுதல் சொன்னோம். அப்படி எழுதத் தொடங்கியதுதான் இக்கட்டுரை. நம் உறுப்பினர்கள் பலரின் பிள்ளைகளும் உறவினர்களும் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நேராகவே பயன்படும். நம் சரக்கு வண்டிகளில் வைக்கும் ஜி.பி.எஸ். கருவிக்கும் இதே விதிகள் பொருந்துவதால், உள்ளூரில் வண்டி வைத்திருப்பவர்களும் கடைசிவரை படித்துவிடுவது நல்லது.

செயற்கைக்கோள் வானொலி என்பது என்ன?

எப்.எம். நிலையத்தின் கோபுரம் தரையில் நிற்கிறது. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தாண்டினால் ஒலி கரகரக்கத் தொடங்கும். செயற்கைக்கோள் வானொலியின் கோபுரமோ வானத்தில் நிற்கிறது. ஒரு கண்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓட்டிச் சென்றாலும் அதே நிலையம் கேட்டுக்கொண்டே வரும். அமெரிக்காவில் எக்ஸ்எம் என்ற நிறுவனம் 2001-லும், சிரியஸ் என்ற நிறுவனம் 2002-லும் இச்சேவையைத் தொடங்கின. 2008-ல் இரண்டும் இணைந்து சிரியஸ் எக்ஸ்எம் ஆயின. சந்தா கட்டித்தான் கேட்க வேண்டும்.

அவை ஒலிபரப்பும் அலைவரிசை 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரை. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில், அமெரிக்கக் கண்டத்தைப் பார்த்தபடி செயற்கைக்கோள்கள் நிற்கின்றன. நம் ஊரிலிருந்து பார்த்தால் அவை பூமியின் மறுபக்கம், தொடுவானத்துக்குக் கீழே இருக்கின்றன. அண்ணாச்சியின் பெட்டி இங்கே பாடாததற்கு இதுவே காரணம். எந்த மெக்கானிக்காலும் இதைச் சரிசெய்ய முடியாது.

ஆண்டெனாவின் குணம்

முன்பு மொட்டை மாடியில் ஏறி, டி.வி. ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி, “தெரியுதா, தெரியுதா?” என்று கீழே கேட்ட நாட்கள் நமக்கு நினைவிருக்கும். கார் ஆண்டெனாவை அப்படித் திருப்ப வேண்டியதில்லை. அது வானம் முழுவதையும் பார்த்து மல்லாந்து கிடக்கும்படி செய்யப்பட்டது. ஆனால் அவ்வளவு தொலைவிலிருந்து வரும் அலை மிகவும் மெலிந்தது. தங்கம் நிறுக்கும் தராசுக்கு மின்விசிறிக் காற்றே பெரிய இடைஞ்சல் என்பதுபோல, இந்த அலைக்கு ஒரு தகரத் தகடே பெரிய சுவர்.

ஆண்டெனாவுக்குள் சிறிய பீங்கான் தகடு ஒன்றும், மெலிந்த அலையைப் பெருக்கிக் கொடுக்கும் ஒரு சிறு சுற்றும் உண்டு. அச்சுற்றுக்கு வேண்டிய மின்சாரம் அதே ஒயர் வழியாகத்தான் போகிறது. ஆகவே ஒயர் நீளமாக இருக்கிறதே என்று வெட்டி, மறுபடி முறுக்கி ஒட்டுவது கூடாது. வெட்டிய ஒயரில் அலையும் கசிந்துவிடும், மின்சாரமும் தடைப்படலாம்.

எங்கே வைப்பது?

சிறந்த இடம் காரின் கூரைதான். அடியில் காந்தம் இருப்பதால் இரும்புக் கூரையில் தானே ஒட்டிக்கொள்ளும். அடியில் உள்ள உலோகப் பரப்பு வெறும் பிடிமானம் மட்டுமல்ல. ஆண்டெனா சரியாக வேலை செய்வதற்கும் அது துணை. கூரையின் விளிம்பிலிருந்து மூன்று அங்குலமாவது உள்ளே தள்ளி வைக்க வேண்டும். பின் கண்ணாடிக்குச் சற்று முன்னால், கூரையின் நடுக்கோட்டில் வைப்பது வழக்கம். அங்கிருந்து ஒயரை மறைப்பது எளிது.

சாமான் ஏற்றும் கேரியர், வேறு ஆண்டெனா, சன்ரூப் ஆகியவற்றுக்கு ஒட்டி வைக்கக் கூடாது. டிக்கிக்குள் வைத்தால் வேலையே செய்யாது. கண்ணாடிக்கு உள்ளே டாஷ்போர்டின் மேல் வைத்தால் சில நேரம் கேட்கும், சில நேரம் விட்டுப்போகும். கண்ணாடியில் உலோகம் கலந்த பிலிம் ஒட்டியிருந்தால் அதுவும் இல்லை. கூரை துணியாலோ பைபராலோ அலுமினியத்தாலோ ஆனதென்றால் காந்தம் பிடிக்காது. துணிக்கூரைக் காரில் இரும்பு டிக்கி மூடியின் மேல் வைப்பது உண்டு.

வைக்கும் முன் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து உலர விட வேண்டும். காந்தத்துக்கு அடியில் மணல் துகள் மாட்டினால் பெயின்டில் கீறல் விழும். வைத்தபின் இழுத்து நகர்த்தாமல், தூக்கி எடுத்து மாற்றி வைக்க வேண்டும். பனி கொட்டும் ஊர்களில் ஆண்டெனாவின் மேல் படிந்த பனியைத் துடைத்துவிட வேண்டும்.

ஒயரைக் கொண்டு போகும் வழி

கூரையிலிருந்து ஒயரைப் பின் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்புக்கு அடியில் மெல்லச் செருகிக்கொண்டே கீழே இறக்க வேண்டும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் போன்ற கூர்மையானவை வேண்டாம். பிளாஸ்டிக் பட்டை போதும். டிக்கியின் ரப்பருக்கு அடியில் நுழையும்போது, எவ்வளவு தாழ்வான இடத்தில் நுழைக்க முடியுமோ அங்கே நுழைக்க வேண்டும். நுழையும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒயர் ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேறி உள்ளே போகட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், டிக்கிக்குள் இறங்காது.

டிக்கியிலிருந்து பின் இருக்கைக்கு அடியில், கதவு ஓரத்து வாசற்படித் தகடுக்குக் கீழாக முன்பக்கம் கொண்டு வரலாம். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, இன்றைய கார்களில் பக்கத் தூண்களுக்குள்ளும் கூரை ஓரத்திலும் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதன் குறுக்கே ஒயர் போனால், விபத்து நேரத்தில் பை விரிவது தடைப்படலாம். தூண் வழியாகக் கொண்டு போவதைத் தவிர்ப்பதே நல்லது. இரண்டாவது, பிரேக், கிளட்ச் மிதிகளின் பக்கம் ஒயர் தொங்கவே கூடாது.

மிஞ்சிய ஒயரை இறுக்கி மடக்காமல், தளர்வான வளையமாகச் சுற்றிக் கட்டி, இருக்கைக்கு அடியிலோ டாஷ்போர்டுக்குப் பின்னாலோ வைக்கலாம். கூர்மையாக மடிந்த ஒயர் நாளடைவில் உள்ளே நசுங்கிவிடும்.

மின்சாரமும் ஒலியும்

பெட்டிக்கு மின்சாரம் கொடுக்க எளிய வழி சிகரெட் லைட்டர் துளையில் செருகும் அடாப்டர்தான். நிரந்தரமாக இணைப்பதென்றால், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரிலிருந்து, தக்க பியூஸ் வைத்து எடுக்க வேண்டும். சாவி எடுத்தபின்னும் மின்சாரம் வரும் ஒயரில் இணைத்தால், சில நாள் ஓட்டாமல் நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கிவிடும்.

ஒலியைக் காரின் ஸ்பீக்கருக்குக் கொண்டு போவதற்கு, ஆக்ஸ் துளை இருந்தால் அதுவே சிறந்தது. பழைய காரென்றால் கேசட் அடாப்டர் உதவும். இரண்டும் இல்லாவிட்டால், பெட்டியே சிறு எப்.எம். நிலையம்போல் ஒலிபரப்ப, அதைக் காரின் ரேடியோ பிடித்துக்கொள்ளும். அதற்கு அந்த ஊரில் எந்த நிலையமும் இல்லாத ஓர் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் மூடி மறைக்கும் முன், ஒருமுறை வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்திச் சோதிக்க வேண்டும். ஷெட்டுக்குள் நிறுத்திவிட்டு “சிக்னல் இல்லை” என்று பெட்டியைக் குறை சொல்லக் கூடாது. சந்தா பதிவு செய்யும்போது பெட்டியின் அடையாள எண் தேவைப்படும். உள்ளே பொருத்தும் முன்பே அதைக் குறித்துக்கொள்வது நல்லது. சுரங்கப் பாதையில் சற்று நேரம் ஒலி நின்று போவது இயல்பு. உயர்ந்த கட்டடங்கள் நிறைந்த நகரங்களில் மட்டும், தடையை ஈடுசெய்யத் தரையிலும் துணை ஒலிபரப்பிகள் வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் நடந்தது

“இங்கே இப்படி ஒன்று இருந்ததே?” என்று சிலர் கேட்கலாம். இருந்தது. வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற நிறுவனம் 2000-ல் ஏவிய ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் மூலம் இந்தியாவில் வானொலிச் சேவை நடத்தியது. ஏ.ஆர். ரகுமான் அதன் விளம்பரத்தில் தோன்றினார். வீடுகளிலும் கடைகளிலும் சன்னலோரம் ஆண்டெனாவை வைத்துப் பலர் கேட்டார்கள். 2008-ல் அந்நிறுவனம் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. 2009 டிசம்பர் 31-உடன் இந்தியச் சேவை நின்றது. பெட்டி நன்றாக இருந்தது, ஆண்டெனாவும் நன்றாக இருந்தது. பாட்டு மட்டும் வரவில்லை. இன்று நம் நாட்டில் காருக்கான செயற்கைக்கோள் வானொலிச் சேவை இல்லை.

வியாபாரிகளான நாம் இதில் கற்க வேண்டியது ஒன்று உண்டு. சந்தா கட்டி இயங்கும் எந்தப் பொருளிலும் பெட்டியின் விலை பாதிச் சரக்குதான். மீதிப் பாதி, பின்னால் நிற்கும் சேவை. அது நின்றால் கையில் இருப்பது வெறும் டப்பா.

சரக்கு வண்டிக்கும் இதே கணக்கு

வானொலி இல்லாவிட்டாலும், இன்று நம்மில் பலர் சரக்கு வண்டிகளில் ஜி.பி.எஸ். கருவி வைத்திருக்கிறோம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. இடத்தைச் சரியாகச் சொல்ல, கருவிக்கு ஒரே நேரத்தில் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களாவது கிடைக்க வேண்டும். அங்கிருந்து வரும் அலையும் மெலிந்ததே.

திருடன் கண்ணில் படக் கூடாது என்று கருவியை இரும்புத் தகட்டுக்கு அடியில் ஒளித்து வைப்பவர்கள் உண்டு. திருடன் கண்ணில் படாது, செயற்கைக்கோள் கண்ணிலும் படாது. டாஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்குக் கீழே ஒளிக்கலாம். பிளாஸ்டிக் வழியாக அலை வரும், இரும்பு வழியாக வராது. ஆண்டெனாவின் எந்தப் பக்கம் மேலே பார்க்க வேண்டும் என்பதைப் பொருத்துபவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கேபின் கூரையில் ஆண்டெனா இருந்தால், கேரியரில் எண்ணெய் டின்களை அடுக்கும்போது அந்த இடத்தை விட்டு அடுக்கச் சொல்ல வேண்டும். வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இரவெல்லாம் தூக்கம் கெடுவதற்கு, சில வேளை நம் டின்னே காரணமாக இருக்கக்கூடும்.

ஆகவே அன்பர்களே, இத்தகைய கருவியை வாங்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நம் தலைக்கு மேலே உள்ள வானத்தில், இக்கருவிக்காகப் பேசும் செயற்கைக்கோள் இருக்கிறதா? வண்டியில் ஆண்டெனாவுக்கு அந்த வானம் தெரிகிறதா? இரண்டுக்கும் “ஆம்” என்ற பதில் கிடைத்த பிறகு பணத்தை எண்ணிக் கொடுங்கள்.