சொல் பிறந்த கதை: 'ஐலண்டு'க்குள் நுழைந்த 'எஸ்'

சென்ற வாரம் 'டெட்' என்ற சொல்லில் ஒலிக்காமல் நிற்கும் 'பி'யைப் பார்த்தோம். கடனைக் குறிக்கும் அந்தச் சொல்லின் மூலம் லத்தீன் 'டெபிட்டும்'. பிரெஞ்சு வழியாக வந்தபோது 'பி' தேய்ந்துபோனது. பிற்காலத்துப் படிப்பாளிகள் அதைத் தேடிப் பிடித்து எழுத்தில் மறுபடி உட்காரவைத்தார்கள். வாயில் வராவிட்டாலும் அந்த எழுத்துக்கு அங்கே பூர்விகப் பாத்தியதை உண்டு. இந்த வாரச் சொல்லில் இருக்கும் ஊமை எழுத்துக்கு அதுவும் கிடையாது.

அந்தச் சொல், தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்'. ஐ, எஸ், எல், ஏ, என், டி என்று எழுதுகிறோம். 'எஸ்'ஸை விட்டுவிட்டுப் படிக்கிறோம். ஒரு காலத்தில் ஒலித்து, பிறகு அடங்கிய எழுத்து என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில், இந்தச் சொல்லில் 'எஸ்' எந்தக் காலத்திலும் ஒலித்ததில்லை.

பழைய ஆங்கிலத்தில் தீவுக்கு 'ஈய்' என்று பெயர். அதோடு நிலத்தைக் குறிக்கும் 'லாண்ட்' சேர்ந்து 'ஈய்லாண்ட்' ஆனது. சுத்தமான நாட்டுச் சொல். லத்தீன் கலப்பே இல்லை. அந்த 'ஈய்' இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கென்ட் கரையோரத்து 'ஷெப்பி' என்றால் ஆட்டுத் தீவு. லண்டனின் பெர்மண்ட்சியும் பேட்டர்சியும் சதுப்பு நிலத்துக்கு நடுவே மேடாக இருந்த இடங்கள். பெயரின் வாலில் இருப்பது அதே 'ஈய்'தான். டேனியரிடம் நாட்டைப் பறிகொடுத்த ஆல்ஃபிரட் மன்னர் 878இல் பதுங்கியிருந்து படை திரட்டிய அதெல்னியும் அப்படிப்பட்ட ஒரு சதுப்புத் தீவே.

பின்னாளில் இந்தச் சொல்லை ஐ, எல், ஏ, என், டி என ஐந்தே எழுத்தில் எழுதினார்கள். ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் இடம் மாறின. 'வீஃப்' என்று ஒலித்த சொல் 'வைஃப்' ஆனது போல, 'ஈலாண்ட்' மெல்ல 'ஐலண்ட்' ஆனது. எழுத்தும் ஒலியும் ஒத்துப்போயின. குழப்பமே இல்லை.

குழப்பம் வேறொரு சொல்லால் வந்தது. லத்தீனில் தீவுக்கு 'இன்சுலா' என்று பெயர். பிரெஞ்சில் அது சுருங்கி, 'எஸ்' ஒலியை இழந்து 'ஈல்' ஆனது. ஆங்கிலத்துக்கு வந்து 'ஐல்' ஆனது. லத்தீன் மோகம் ஓங்கியிருந்த காலத்தில், இன்சுலாவின் நினைவாக 'ஐல்' என்பதற்குள் 'எஸ்'ஸைச் செருகினார்கள். அதுகூடப் பரவாயில்லை. 'ஐல்' இருக்கிறதே, 'ஐலண்ட்' அதிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும் என்று எண்ணி, 16ஆம் நூற்றாண்டில் அதற்குள்ளும் ஒரு 'எஸ்'ஸை நுழைத்தார்கள். உறவே இல்லாத இரண்டு சொற்கள் ஒரே குடும்பம் ஆகிவிட்டன. 1700 வாக்கில் அந்த எழுத்துமுறை நிலைத்துவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வீட்டைச் சரிசெய்துகொண்டார்கள். 1740இல் வந்த பிரெஞ்சு அகாதெமி அகராதி, இப்படிப்பட்ட ஊமை 'எஸ்'கள் பலவற்றை நீக்கிவிட்டு, உயிரெழுத்தின் தலையில் ஒரு கூரைக்குறியைப் போட்டது. ஆங்கிலத்தில் அதற்கு முயன்றவர் அமெரிக்க அகராதியாளர் நோவா வெப்ஸ்டர். தமது 1828ஆம் ஆண்டு அகராதியில், 'எஸ்' சேர்ந்த இந்த வடிவம் அபத்தமான கூட்டு, ஆங்கிலத்தில் இப்படியொரு சொல்லே முறைப்படி கிடையாது என்று கண்டித்தார். 'கலர்' என்பதில் 'யு'வை நீக்கி அமெரிக்காவை ஏற்கவைத்த வெப்ஸ்டராலும் இந்த 'எஸ்'ஸை அசைக்க முடியவில்லை.

இன்சுலாவின் உண்மையான வாரிசு ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது: இன்சுலின். கணையத்துக்குள் தீவுத் திட்டுகள் போலக் கிடக்கும் செல் கூட்டங்களை 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் கண்டு எழுதினார். அங்கே சுரப்பதால் அந்த ஹார்மோனுக்கு அந்தப் பெயர். அதில் 'எஸ்' முறையாகவே ஒலிக்கிறது.

டிக்டேஷனில் 'ஐலண்ட்'டை 'எஸ்' இல்லாமல் எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கிறோம். இன்றைய வழக்கு அதுதான் என்பதால் குறைக்கத்தான் வேண்டும். ஆனால், சரித்திரப்படி அந்தப் பிள்ளை எழுதியதுதான் மூல வடிவம். தவறியவர்கள் அன்றைய பண்டிதர்கள். ஆசிரியர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். காரணம் தெரிந்த பிள்ளை ஸ்பெல்லிங்கை மறக்காது. தன்னை மக்கு என்றும் நினைக்காது.

அடுத்த வாரம்: எழுத்தில் 'எல்' இருக்க, வாயில் 'ஆர்' வரும் 'கர்னல்'.