ரேஷன் அரிசியில் மிதப்பது என்ன?

ரேஷன் அரிசியைக் களையும்போது மிதக்கும் மணிகளை "பிளாஸ்டிக்" என்று நம் மஹல்லாவில் சிலர் பொறுக்கி எறிவதாகக் கேள்விப்பட்டோம். அது பிளாஸ்டிக் அல்ல. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்தெடுத்த மணி. 100க்கு 1 என்ற கணக்கில் சாதாரண அரிசியோடு கலந்திருப்பார்கள்.

அதில் சத்து உண்மையிலேயே இருக்கிறதா? நியாயமான கேள்விதான். விதிப்படி ஒரு கிலோவில் பி12 மட்டும் 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். இவ்வளவு சிறியதை அளக்க, ஆய்வகத்தில் கிருமியையே அளவுகோலாக வைக்கிறார்கள். தயிர்க் கிருமிக்கு உறவான லாக்டோபேசில்லஸ் ஒன்று பி12 இல்லாமல் வளராது. மற்ற சத்தெல்லாம் இருந்து பி12 மட்டும் இல்லாத திரவத்தில் அரிசிச் சாற்றையும் அந்தக் கிருமியையும் விட்டு இளஞ்சூட்டில் வைப்பார்கள். பி12 எவ்வளவோ அவ்வளவுக்குக் கிருமி பெருகும், திரவம் கலங்கும். அளவு தெரிந்த பி12 விட்ட குழாய்களின் கலங்கலோடு ஒப்பிட்டால் கணக்கு கிடைத்துவிடும்.

எனவே மிதக்கும் மணியை எறியாதீர்கள். அரிசியை ஊறவிட்டுப் பலமுறை கழுவாமல் அளவாகக் களையுங்கள். வடித்த கஞ்சியிலும் சத்து இறங்கியிருக்கும், கொட்ட வேண்டாம். அரிசியில் பூச்சியோ கெட்ட வாடையோ இருந்தால் மட்டும் கடையில் திருப்பிக் கொடுத்து மாற்றிக் கேளுங்கள்.