பண்பலையில் ஏன் ஆட்கள் நிலைப்பதில்லை?

காலை 7 மணிக்கு இரண்டு வருடமாகக் கேட்டுப் பழகிய குரல் ஒரு திங்கட்கிழமை இல்லை. வேறொருவர் அதே நிகழ்ச்சியை, நேற்றும் தானே பேசியதுபோலத் தொடங்குகிறார். பழையவர் எங்கே போனார் என்று நிலையம் சொல்வதில்லை. நேயர்களிடம் விடைபெறும் வாய்ப்பும் பெரும்பாலும் அவருக்குக் கிடைப்பதில்லை.

எங்கே போகிறார்கள்? பெயர் தெரிந்தவர்களின் கதை நமக்குத் தெரியும். சிவா 2007-ல் ‘சென்னை 600028’ படத்துக்குப் போனார். அவர் பேசிய நிலையத்தின் பெயரான ‘மிர்ச்சி’ இன்னமும் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மா.கா.பா. ஆனந்த் விஜய் டிவிக்குப் போனார். கோவையில் தொடங்கிய ஆர்.ஜே. பாலாஜி, சென்னை பிக் எஃப்.எம்.மில் புகழ்பெற்று, 2020-ல் ‘மூக்குத்தி அம்மன்’ படத்தின் இயக்குநர்களில் ஒருவரானார். விளம்பரக் குரல், மேடைத் தொகுப்பு, யூடியூப் என்று சத்தமில்லாமல் நகர்ந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இளைஞர்களுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது என்று நிர்வாகங்கள் சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பண்பலையில் ஏறுவதற்கு அடுத்த படி இல்லை. தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அரசு அனுமதிப்பதில்லை; ஆகாசவாணியின் செய்தியை அப்படியே மறுஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஆகவே ஊர்ப் பிரச்சினையை ஆழமாகப் பேச விரும்பும் ஆர்.ஜே.யும் இரண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவே ‘லிங்க்’ பேசியே காலம் தள்ள வேண்டும். அதற்கு மேலே நிகழ்ச்சித் தலைவர் நாற்காலி இருக்கிறது. நிலையத்துக்கு ஒன்று.

அடுத்தது பணம். கேட்பவர் காசு தருவதில்லை, வருமானம் விளம்பரத்தில்தான். தனியார் பண்பலையின் முதல் கட்ட உரிமத்தில், அரசுக்குக் கட்டும் கட்டணம் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறியது. தாங்க முடியாமல் நிறுவனங்கள் தள்ளாடின. 2005-ல் அதை மொத்த வருவாயில் 4 சதவீதம் என்று மாற்றினார்கள். ஆனால் கூடவே ஒரு கொக்கியும் வைத்தார்கள். 2015-ல் ஏலம் விட்ட மூன்றாம் கட்டத்தில் அது இப்படி இருந்தது: வருவாயில் 4 சதவீதம் அல்லது ஏலத்தில் கட்டிய நுழைவுத் தொகையில் 2.5 சதவீதம், எது அதிகமோ அது. விளம்பரம் வற்றினாலும் கட்டணம் ஓரளவுக்குக் கீழே இறங்காது. எங்கே மிச்சம் பிடிப்பது? ஆளில்தான். ஒரு நகரத்தில் பதிவான நிகழ்ச்சியே பல ஊர்களில் ஒலிக்கிறது. திருநெல்வேலிக்காரர் தன் ஊர் மழையைப் பற்றிக் கேட்க நினைத்தால், சென்னைக் குரல் அண்ணா சாலை நெரிசலைச் சொல்கிறது.

அரசு வானொலியின் கதை நேர்மாறானது. இருக்க விரும்புகிறவர்களை அங்கே இருக்க விடுவதில்லை. நிரந்தர அறிவிப்பாளர்கள் ஓய்வுபெற ஓய்வுபெற, காலியான இடங்களைப் பெரும்பாலும் நிரப்பவில்லை. குரல் தேர்வு, ‘வாணி’ பயிற்சி எல்லாம் முடித்துப் பட்டியலில் சேர்ந்த பகுதிநேர அறிவிப்பாளர்களை வைத்தே ஒலிபரப்பு ஓடுகிறது. அவர்களுக்கு மாதத்துக்கு 6 டூட்டி. அதற்கு மேல் கொடுத்தால் நிரந்தரம் கேட்டு நீதிமன்றம் போவார்கள் என்ற பயம்தான் காரணம் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். மீதி 24 நாளும் பள்ளியிலோ கடையிலோ வேறு வேலை. அப்படியே 20 வருடம் ‘தற்காலிகமாக’ இருந்தவர்களும் உண்டு. கணக்கெடுத்துப் பார்த்தால் இவர்கள் வேலையை விட்டவர்கள் ஆகமாட்டார்கள், சேர்ந்தவர்களாகவும் ஆகமாட்டார்கள்.

2024 ஆகஸ்டில் 234 நகரங்களில் 730 புதிய பண்பலை அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இவற்றுக்கு வருவாயில் 4 சதவீதம் மட்டுமே கட்டணம். பழைய கொக்கி இல்லை. புதிய வேலைவாய்ப்புகள் உருவாகும் என்றும் அரசு சொன்னது. உருவாகட்டும். அதே அரசின் கீழுள்ள ஆகாசவாணியில் மாதம் 6 டூட்டி என்ற வரம்பை முதலில் எடுக்கட்டும்.