சிமெண்டுக்குள் ஒரு நானோ கட்டடம்

நானோ தொழில்நுட்பம் என்றதும் கண்ணாடி அறை, வெள்ளைக் கோட்டு, கோடி ரூபாய் மெஷின் என்றுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர். தலைமுடியின் கனமே சுமார் 80,000 நானோமீட்டர். அந்தச் சின்ன அளவில் நீளம், அகலம், உயரம் மூன்றும் கொண்ட அமைப்புகளை உருவாக்க விஞ்ஞானிகள் எலெக்ட்ரான் கற்றையோடு போராடுகிறார்கள். நம்ம ஊர் கொத்தனாரோ மண்வெட்டியால் கலவை போட்டே அந்த வேலையைத் தொடங்கி வைத்துவிடுகிறார்!

பெரம்பலூர் – அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரியைப் பார்க்காதவர் நம்மில் யார்? அரியலூரில் 1979-இல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது, தனியார் ஆலைகளும் உண்டு. அந்தக் கல்லைக் களிமண் போன்றவற்றோடு அரைத்து, சுமார் 1450 டிகிரி சூட்டில் சுட்டு, கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மறுபடி அரைத்தால் சிமெண்ட். இது நமக்குப் பாடத்தில் உள்ளதுதான். தண்ணீர் பட்ட பிறகு நடப்பதுதான் அதிசயம்.

சிமெண்ட் துகள் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரைந்த கால்சியமும் சிலிக்கேட்டும் தண்ணீரோடு சேர்ந்து 'கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்' என்ற புதுப் பொருளாகப் படிகின்றன. நடுவில் கால்சியம் அடுக்கு, இருபுறமும் சிலிக்கேட் சங்கிலி, அடுக்குகளுக்கு இடையில் தண்ணீர். சுமார் 5 நானோமீட்டர் துணுக்குகளாகச் சேர்ந்து, துகளுக்கும் துகளுக்கும் இடையே தண்ணீர் இருந்த இடத்தை இது நிரப்புகிறது. ஒரு பங்கு சிமெண்ட் இரண்டு பங்குக்கும் சற்று அதிகமான இடத்தை அடைத்துவிடும். ஒரு கிராம் சிமெண்ட் தூளின் பரப்பு அரை சதுர மீட்டர்கூட இல்லை. அதுவே இறுகிய பின் நீராவி முறையில் அளந்தால் ஒரு கிராமுக்கு சுமார் 200 சதுர மீட்டர்! ஜல்லியையும் மணலையும் பிடித்து வைத்திருப்பது இந்தப் பசைதான்.

'தளம் காய்ந்தால்தான் கெட்டியாகும்' என்று நம் வீடுகளில் சொல்கிறார்கள். தப்பு. கான்கிரீட் தண்ணீருக்கு அடியிலேயே கெட்டியாகும். உள்ளே ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்த நானோ வேலை கிட்டத்தட்ட நின்றுவிடும். நிரம்பாத இடமெல்லாம் ஓட்டை. அதன் வழியே தண்ணீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். பத்து வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீட்டில் மழைக்குத் தளம் ஒழுகுவதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். சிமெண்ட் மட்டம் என்று கம்பெனியைத் திட்டுகிறார்கள். எத்தனை நாள் தண்ணி விட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஐ.எஸ். 456 (2000) சொல்வது: சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். வெயில் காயும் இடத்தில் 10 நாள். சாம்பல் கலந்த பி.பி.சி.க்கும் குறைந்தது 10 நாள், 14 வரை நீட்டினால் நல்லது. சாம்பல் மெதுவாகத்தான் வினைபுரியும், அதான் காரணம். இப்போது கடையில் பெரும்பாலும் பி.பி.சி.தான் கொடுக்கிறார்கள், மூட்டையைப் படித்துப் பாருங்கள்.

கோடையில் நம்ம பக்கம் தண்ணீரை விலைக்கு வாங்கித்தான் வேலை நடக்கிறது. பாத்தி கட்டித் தேக்க வழியில்லையா? ஈரச் சாக்கை விரித்து, மேலே பாலித்தீன் ஷீட்டை மூடி, ஓரத்தில் செங்கல் வையுங்கள். தூணுக்கும் சாக்கைச் சுற்றி ஷீட்டால் கட்டலாம். ஆவியாகிப் போகும் தண்ணீர் உள்ளேயே நிற்கும். காலையும் மாலையும் சாக்கைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நனைத்தால் போதும்.