பழைய வால்வைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

வால்வு வானொலியின் காலம் மறைந்தது. எனினும், ஹெட்போனில் இசை கேட்கும் அன்பர் சிலர் வால்வு ஆம்பிளிபயரையே இன்றும் நாடுகின்றனர். பழைய வால்வு வாங்கப் புகுவோர் முதலில் அதன் குறியீட்டைப் படித்தறிதல் வேண்டும்.

'ஈ.ஸி.ஸி. 82' என்பதைக் காண்போம். 'ஈ' என்பது இழையைச் சூடாக்க 6.3 வோல்ட் போதுமெனக் குறிக்கும். 'ஸி' இரண்டும், ஒரே குமிழுக்குள் இரு டிரையோடுகள் உள்ளன என்பதாம். 8 என்ற எண் ஒன்பது முள் அடியைக் காட்டும். இதன் இழை இரு பாதிகளாக இருத்தலின் 12.6 வோல்ட்டிலும் இயங்கும். அதனால் அமெரிக்கர் இதனை '12 ஏ.யூ. 7' என்றனர்.

'ஈ.ஸி.ஸி. 88' வால்வுக்கும் முட்கள் ஒன்பதே. அதே சாக்கெட்டில் எளிதாக நுழையும். ஆனால் அங்கு வருவது 12.6 வோல்ட்டாயின் இழை கருகிப்போகும். ஆகவே, ஆம்பிளிபயருக்கு விதித்த எண்ணையே கேட்டு வாங்குக.

கண்ணாடிமேல் அச்சிட்ட பெயர் அழியக்கூடியது, போலியாகவும் இருக்கலாம். பிலிப்ஸ் குழும வால்வாயின், அடியோரத்திலுள்ள சிறு குறிகளை நோக்குக. முக்கோணம் ஹாலந்தின் ஹீர்லன் ஆலையையும், 'பி' இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையையும் குறிக்கும்.

இறுதியாக, உட்புறத்து வெள்ளிப் பூச்சைக் காண்க. அது பால்போல் வெளுத்திருப்பின் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. அவ்வால்வு இலவசமாகக் கிடைத்தாலும் பயனில்லை.