துவக்குப் பயிற்றும் ஆசிரியர்

என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் அமெரிக்க நாட்டிலே, டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரை அடுத்துப் பெற்றோல் நிரப்பு நிலையமும் அதனோடு சேர்ந்த சிறுகடையும் நடத்தி வருகின்றார். ஆண்டுக்கு இருமுறை கடிதம் எழுதுவார். பிள்ளைகளின் படிப்பு, ஊர்க் கோயிற்றிருவிழா, பழைய வகுப்புத் தோழரின் நலம் ஆகியவையே பெரும்பாலும் அவற்றில் இருக்கும். சென்ற முறை வந்த கடிதம் அத்தகையதன்று.

“ஐயா, ஒரு மாதத்துக்கு முன் இரவு பதினொரு மணிக்கு இருவர் கடைக்குள் வந்து கைத்துப்பாக்கியைக் காட்டிப் பணப்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்து கொடுத்துவிட்டேன். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று தொடக்கம் கதவு மணி அடித்தாலே நெஞ்சு திடுக்கிடுகிறது. இங்கே துப்பாக்கியை உடையினுள் மறைத்து வைத்துக்கொள்வதற்கு அனுமதிப்பத்திரமும் வேண்டியதில்லை. ஆயினும் இவள், ‘முதலிலே படியுங்கள், படியாமல் அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது’ என்று சொல்லிவிட்டாள். படிப்பிப்பவர்கள் இவ்வூரிலே மூவர் இருக்கிறார்கள். ஆரிடம் போவது? எனக்குத் தமிழ் படிப்பிக்க ஆள் தேடி அப்பா ஊரெல்லாம் விசாரித்துத்தான் உங்களிடம் கொண்டுவந்து விட்டவர். இதற்கு விசாரிக்க எனக்கு ஆளில்லை.”

இக்கடிதத்தை மூன்று நாள் மேசைமீது வைத்திருந்தேன். யான் துவக்கைக் கையாலும் தொட்டறியேன். 1983 தொடக்கம் 2009 வரை அதன் ஓசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினன். அதனைத் தொட்டவருட் சிலர் என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்தவர். ‘வேண்டாம்’ என ஒரு சொல்லில் மறுமொழி எழுதி முடித்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆயின் அவர் வினவியது வாங்கலாமா என்பதன்று. ஆசிரியரை எவ்வாறு தெரிவது என்பதே. யான் வேண்டாமென்றால் அவர் வாங்காதிருப்பார் என்பதும் உறுதியன்று. படியாமல் வாங்கிவிடுதலும் கூடும். அதனை எண்ணியபின் வாளாவிருக்க இயலவில்லை.

துப்பாக்கி என்னுஞ் சொல் துருக்கி மொழி வழியாக நம்மிடம் வந்தது. திருவள்ளுவர் வான்சிறப்பிலே ஆளும் ‘துப்பாக்கி’ உணவை ஆக்குவது. இஃது உயிரைப் போக்குவது. மாணவரிடையே இதனைக் கூறி நகைப்பது பண்டிதர்களின் பழைய வழக்கம். நம்மவர் நாவில் வழங்குவது துவக்கு என்பதே. யானும் அதனையே ஆள்வேன்.

நம் நாட்டிலே 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி உரிமப் பத்திரமின்றி ஒருவர் துவக்கு வைத்திருத்தல் குற்றம். அமெரிக்காவின் நிலை வேறு. அந்நாட்டு அரசியலமைப்பிலே 1791 இற் சேர்க்கப்பட்ட இரண்டாந் திருத்தம் படைக்கலம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகின்றது. அவ்வுரிமை தனிமனிதர்க்கும் உண்டு, தம் வீட்டிலே தற்காப்பின்பொருட்டு வைத்திருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008 இலே தீர்ப்பளித்தது. 2010 இலே அது மாநிலங்களையுங் கட்டுப்படுத்தும் என்றது. 2022 இலே வீட்டுக்கு வெளியே கொண்டு செல்வதற்கும் அவ்வுரிமை உண்டு என்றது. வெர்மான்ட் மாநிலம் இதற்கு ஒருநாளும் அனுமதிப்பத்திரம் கேட்டதில்லை. 2024 ஆம் ஆண்டு முடிவிலே அனுமதிப்பத்திரம் வேண்டாத மாநிலங்கள் 29 ஆகிவிட்டன. டெக்சாஸ் அவற்றுள் ஒன்று. 2021 செப்டெம்பர் தொடக்கம், சட்டத்தால் விலக்கப்படாத 21 வயது நிரம்பிய எவரும் அங்கே கைத்துவக்கை உடன்கொண்டு செல்லலாம். மாறாக, இல்லினோய் மாநிலம் 16 மணிநேரப் படிப்பைக் கட்டாயமாக்கியுள்ளது. நியூயோர்க் 16 மணிநேர வகுப்போடு இரண்டு மணிநேரம் சுட்டுப் பழகவும் வேண்டுமென்கின்றது. ஒரே நாட்டில் ஓர் எல்லைக்கோட்டைக் கடந்தவுடன் படித்தவன் படியாதவன் என்னும் பேதமே அற்றுப்போகின்றது. இதனை நாகரிகத்தின் வளர்ச்சி என்பார் என்னை மன்னிக்க.

டெக்சாசிலே விரும்பினோர் இன்றும் அனுமதிப்பத்திரம் பெறலாம். அதற்குரிய வகுப்பு நான்கு மணிநேரத்துக்குக் குறையாமலும் ஆறு மணிநேரத்துக்கு மேற்படாமலும் நடைபெறும். எழுத்துத் தேர்வொன்றுண்டு. பின்னர் 3, 7, 15 யார் தூரங்களில் நிற்கும் கடதாசி உருவத்தை நோக்கி 50 முறை சுடவேண்டும். 250 புள்ளிகளில் 175 பெற்றோர் தேறியவராவர். கடதாசி ஓடுவதில்லை, சத்தமிடுவதில்லை, திருப்பிச் சுடுவதுமில்லை. இத்தேர்விலே தேறியவன் அரிச்சுவடி படித்து முடித்தவன். காவியத்துக்கு உரை சொல்லத் தக்கவனல்லன்.

எனவே மாணவருக்கு நன்னூலை எடுத்துக்கொண்டேன். பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்திலே நல்லாசிரியரை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டார். ஆசிரியராகத் தகாதாரையும் விட்டுவிடவில்லை. கழற்சிக்காய் நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தாற் காய்கள் இட்ட முறையில் வாரா. ஒருவர் அவ்வாறு முறையின்றிக் கொட்டுவார். இன்னொருவர் கருக்கு மட்டையோடு நிற்கும் பனைபோல்வார். தாமாகப் பழத்தை உதிர்த்தாலன்றி எவரும் ஏறிப் பறிக்க முடியாது. வாய்குறுகிய குண்டிகையில் அடைத்த பஞ்சுபோலக் கொள்வதும் கொடுப்பதும் அரிதாயிருப்பார் மற்றொருவர். நீர் வார்த்தவன் வளவிலே நில்லாது அயலான் வளவிலே காயை உதிர்க்கும் கோணற்றென்னை ஒருவர். இவற்றோடு, கேட்போர்க்கு அச்சமுண்டாகப் பேசுதலையும் தகாத ஆசிரியரின் குணமாக அவர் சொல்லிவைத்தார். முப்பது ஆண்டாக இச்சூத்திரத்தைக் கற்பித்தும் அச்சொல்லின் ஆழம் எனக்கு இக்கடிதம் வந்த பின்னரே விளங்கிற்று. தமிழாசிரியர் அச்சத்தை விற்றுப் பிழைப்பது அரிது. துவக்காசிரியர் பலருக்கு அதுவே முதற் சரக்கு.

அத்துறையிலே மதிக்கத்தக்க ஆசிரியர் இல்லாமற் போகவில்லை. ஜெஃப் கூப்பர் என்பார் கடற்படைக் காலாளர் படையில் லெப்டினன்ட் கேணலாயிருந்தவர். 1976 இலே அரிசோனா மாநிலத்துப் போல்டன் என்னுமிடத்தில் குடிமக்களுக்காகப் பள்ளியொன்றைத் தொடங்கினார். கன்சைட் என்று வழங்கும் அப்பள்ளி இன்றும் நடைபெறுகின்றது. அவர் பரப்பிய பாதுகாப்பு விதிகள் நான்கு. எந்தத் துவக்கையும் சன்னமுள்ளதாகவே கொள்ளுதல். அழிக்க எண்ணாத பொருளின்மேல் அதன் வாயைத் திருப்பாமை. குறி கண்ணிற் பொருந்துமளவும் விரலை விசையில் வையாமை. குறி இன்னதென்றும் அதன் பின்னாலிருப்பது இன்னதென்றும் தெளிதல். சூத்திரமென்பது சில எழுத்தாற் பல பொருள் தரவேண்டும் என்பர். இவை அவ்விலக்கணத்துக்கு அமைந்தன. ஒருவன் ஒன்றை மறந்தாலும் எஞ்சியவை பெரும்பாலும் உயிரைக் காத்துவிடும்.

மசாட் அயூப் என்னும் இன்னோர் ஆசிரியர் 1981 இலே தாம் தொடங்கிய பள்ளியிற் சுடுவதைக் காட்டிலும், எப்பொழுது சுடலாகாது என்பதையும் சுட்டபின் நீதிமன்றத்திலே என்ன நிகழும் என்பதையும் விரித்துக் கற்பித்தார். எதிரிக்குக் கொல்லும் ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலைச் செலுத்தும் வாய்ப்பு வேண்டும். அதனை இப்பொழுதே செய்வான் என்பதும் தெளிவாக வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே கூடாதவிடத்துத் துவக்கை எடுத்தவன் தற்காத்தவனாகான். சோல்ட் லேக் நகரத்துப் பொலிஸ் பயிற்றாசிரியரான டென்னிஸ் டூலர் 1983 இலே எழுதிய கட்டுரையொன்று, கத்தியோடு ஒருவன் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் ஓடிக் கடப்பான் என்றும், பயின்றவன் துவக்கை உறையினின்றும் எடுத்துக் குறிவைத்துச் சுட அவ்வளவு நேரமாகும் என்றும் காட்டிற்று. அது பொலிசாரின் வெளியுறை. சட்டைக்குள்ளே மறைத்து வைத்தவனுக்கு இன்னும் நேரம் வேண்டும். இடுப்பிலிருந்தால் அச்சமில்லை என்று நினைக்கும் கடைக்காரர் அறியவேண்டிய கணக்கு இது.

மூன்று ஆசிரியர் வகுப்பிலும் ஒருநாள் பின்வாங்கிலிருந்து பார்க்குமாறும், பார்த்தபின் மூவரிடமும் ஒரே வினாவைக் கேட்குமாறும் எழுதினேன். “பணத்தை எடுத்துக்கொண்டு கள்வன் முதுகுகாட்டி ஓடுகின்றான், நான் சுடலாமா?” என்பதே அவ்வினா. டெக்சாஸ் சட்டம் இரவுக் களவிலே பொருளைக் காத்தற்பொருட்டும் சில நிபந்தனைகளோடு உயிர்கொல்லும் வலிமையை அனுமதிக்கின்றது. மற்றை மாநிலங்களில் இஃது அரிது. ஆகவே விடை எளிதன்று. எளிதல்லாத வினாவிலேதான் ஆசிரியர் யாரென்பது வெளிப்படும்.

அவர் எழுதியனுப்பிய விடையைச் சுருக்கித் தருகின்றேன். முதலாசிரியர் வகுப்பிலே முப்பது பேருக்கு மேலிருந்தனர். தாம் போர்க்களத்திற் கண்டவற்றையும் காணாதவற்றையும் கலந்து சொன்னார்; எது முன் எது பின் என்பதில்லை. வினாவைக் கேட்டபொழுது நேரமாகிவிட்டது என்றார். குடம் கவிழ்ந்தது, காய்கள் உருண்டன. இரண்டாமவர் திரையிலே கொள்ளைக் காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். “என் நெஞ்சுத் துடிப்பு வகுப்புக்குப் போனபோது இருந்ததைவிடத் திரும்பும்போது கூடியிருந்தது, ஐயா” என்று மாணவர் எழுதியிருந்தார். வினாவுக்கு அவ்வாசிரியர் முகமலர்ந்து, “சுடலாம், இது டெக்சாஸ்” என்றாராம். வெளியே வருமுன் தம் கடையில் விற்கும் துவக்கொன்றையும் காட்டினாராம்.

மூன்றாமவர் வயது சென்றவர். வகுப்பிலே எட்டுப் பேர். முதனாள் காலையில் எவர் கையிலும் சன்னமில்லை. குற்றப்பதிவு இல்லை என்பதற்குச் சான்று காட்டியபின்னரே இடங்கொடுத்தார். குருதி கசிந்தால் இறுக்கிக் கட்டும் பட்டியையும் மருந்துப் பெட்டியையும் முதலிலே திறந்து காட்டி, இது எங்கே இருக்கிறதென்று தெரியாத எவரும் இத்திடலில் நிற்கலாகாது என்றார். விசையை முழுவதும் மூடாத உறையோடு வந்த ஒருவரை வேறு உறை வாங்கிவரச் சொல்லித் திருப்பியனுப்பினார். மதுவாடை வீசிய இன்னொருவரைப் பணத்தைக் கொடுத்தே அனுப்பிவிட்டார். (நூல் கொடுக்கத் தகாதாரைப் பவணந்தியார் கூறும்பொழுது கள்ளுண்பவனை முதலில் வைத்தமை நினைவுக்கு வந்தது.) வினாவைக் கேட்டபொழுது சட்டத்தின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாய்ச் சொன்னார். சொல்லிமுடித்து, “பெட்டியிலே எவ்வளவு இருந்தது?” என்று திருப்பிக் கேட்டார். மாணவர் தொகையைச் சொன்னார். அவ்வாசிரியர் வேறொன்றும் சொல்லவில்லையாம்.

இதற்குமேல் யான் எழுதுதற்கு மிகுதியில்லை. எனினும் இரண்டைச் சேர்த்தேன். ஆசிரியர் சொன்னதை முற்றக் கேட்டாலும் காற்கூறே கைவரும் என்பது நன்னூலார் கணக்கு. உடன்கற்பாரோடு பழகுவதும் பிறர்க்கு எடுத்துரைப்பதும் எஞ்சிய முக்காலுக்கு வேண்டும். ஒரு நாள் வகுப்போடு நிறுத்திவிடுபவன் இடுப்பிலே காற்கூறு கல்வியைச் செருகிக்கொண்டு திரிகின்றான். சன்னத்தை வேறறையிலே பூட்டிவைத்து, வெறுந்துவக்கை எடுத்தும் வைத்தும் நாடோறும் பழகவேண்டும் என்று அந்த மூன்றாம் ஆசிரியரும் சொல்லியிருக்கின்றார்.

மற்றையது வீட்டைப் பற்றியது. 2021 ஆம் ஆண்டிலே அமெரிக்காவிற் சுடுகலத்தால் இறந்தோர் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டு மாய்ந்தவர். கதவு மணியை அஞ்சி வாங்கியது, மனஞ்சோர்ந்த ஒரு நாளிலே வீட்டிலிருப்பவர் கைக்கு எட்டிவிடுகின்றது. பூட்டுப்பெட்டியைப் பற்றிப் பேசாத ஆசிரியர் பாதிப் பாடமே சொல்கின்றார். பாரதத்திலே அசுவத்தாமன் கதை அனைவர்க்கும் தெரியும். துரோணர் மைந்தனின் வற்புறுத்தலுக்காக மனமின்றியே அந்த அத்திரத்தைக் கொடுத்தார். மனிதர்மேல் விடாதே என்றுஞ் சொன்னார். விடுங்காலத்து அருச்சுனனும் விட்டான், அசுவத்தாமனும் விட்டான். முனிவர் தடுத்தபொழுது அருச்சுனன் மீட்டுக்கொண்டான். அசுவத்தாமனுக்கு மீட்கத் தெரியவில்லை. அது கருவிலிருந்த குழந்தைமேற் சென்றது. மாணவருக்குப் பதின்மூன்று வயதில் ஒரு மகனுண்டு; அதனாலேதான் இக்கதையை எழுதினேன், அலங்காரத்துக்காகவன்று.

இரு கிழமைக்கு முன் மறுமொழி வந்தது. மூன்றாம் ஆசிரியரிடம் இரண்டு வகுப்பு முடித்துவிட்டாராம். இரண்டாவதற்கு மனைவியாரும் சென்றிருக்கின்றார், குறிபார்ப்பதில் அவரே கெட்டிக்காரியாம். கடையை இப்பொழுது இரவு ஒன்பதரைக்கு மூடுகின்றார்கள். வாசலில் இரண்டு விளக்கு கூடுதலாகப் போட்டு, பணத்தை மணிக்கொருதரம் நிலத்தோடு பொருத்திய இரும்புப் பெட்டிக்குள் இட்டுவிடுகின்றார்கள். துவக்கு வைக்கும் பூட்டுப்பெட்டி வந்துவிட்டது. துவக்கு இன்னும் வாங்கவில்லை. மூன்றாவது வகுப்பு முடியட்டும் என்று மனைவியார் சொல்கின்றாராம்.

கடிதத்தின் அடியிலே, நாவலர் பெருமானின் நன்னூற் காண்டிகையுரை ஒரு பிரதி அனுப்பும்படி கேட்டிருந்தார். கட்டித் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனேன். தபாற் செலவு நூலின் விலையைப்போல் நான்கு மடங்கு என்றார்கள், கொடுத்துவிட்டு வந்தேன்.